பந்து ஏன் தூரம் போகமாட்டேன் என்கிறது? - கோல்ஃப் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் ஸ்விங்கைப் பற்றி, அதாவது கோல்ஃப் மட்டையான கிளப்பை வீசும் விதத்தைப் பற்றிக் கேட்டதற்கு "கையை மறந்துவிடுங்கள், காலைக் கவனியுங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்து உலுக்குகின்றன. தப்பு என்னுடையதுதான், அவ்வளவு பெரிய விஷயத்தை அப்படிப் போகிற போக்கில் சொல்லியிருக்கக் கூடாது. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, தூரம் மட்டும்தான். வலது கைக்காரரை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் வழக்கம்போல மன்னித்து, மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கே: பதினைந்து வருடமாக லீக் கிரிக்கெட் ஆடுகிறேன், லாங் ஆன் மேல் சிக்ஸ் அடிப்பேன். ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று டிரைவிங் ரேஞ்ச் என்ற பயிற்சி மைதானத்துக்குப் போனால், தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 180 யார்டு, அதுவும் வலது பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைந்து போகிறது. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன் 250 அடிக்கிறான். இது என்ன நியாயம்? (வாசகர், வேளச்சேரி)

ப: நியாயம்தான் சார், கணக்கு அப்படி. உங்கள் கிரிக்கெட் மட்டை 1.2 கிலோ இருக்கும். டிரைவர் மொத்தமே 300 கிராம் சொச்சம், அதில் தலை மட்டும் 200 கிராம். போதாததற்கு, பவுலர் போடும் பந்து தன் வேகத்தையும் கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கிறது. கோல்ஃப் பந்தோ டீ என்ற சின்ன ஆணியின் மேல் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 46 கிராம்கூட இல்லாத அந்தப் பந்துக்கு முக்கியம், அதைத் தொடும்போது கிளப் தலை என்ன வேகத்தில் வருகிறது என்பதுதான். தலையின் எடையை இரண்டு மடங்காக்கி அதே வேகத்தில் வீசினாலும் பந்தின் வேகம் சுமார் 10 சதவீதம்தான் கூடும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினாலே அதே பலன் வந்துவிடும். ஆகவே முரட்டுத்தனம் இங்கே செல்லாது.

இன்னொன்று, பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய 2,000-ல் ஒரு பங்கு. அதற்குள் தலை நகர்வது 2 சென்டிமீட்டர் அளவுதான். பட்ட அதிர்ச்சி கை வழியாக மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் பந்து கிளம்பிப் போயாகிவிட்டது. "படும்போது ஒரு அழுத்து அழுத்துகிறேன்" என்று நீங்கள் எழுதியிருப்பது நடக்கிற காரியமே இல்லை. பட்ட பிறகு அழுத்தியிருப்பீர்கள், இல்லையென்றால் படுவதற்கு முன்பே அழுத்தி இருந்த வேகத்தையும் கெடுத்திருப்பீர்கள். கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

வாழைப்பழ விவகாரத்துக்கு வருவோம். ஸ்ட்ரெய்ட் டிரைவ் ஆடி ஆடி, மட்டையின் முகத்தைத் திறந்தே வைத்திருக்க உங்கள் மணிக்கட்டு பழகிவிட்டது. பந்து கிளம்பும் திசை பெரும்பாலும் முகம் பார்க்கிற திசை. வளைவு என்பது முகத்துக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள பிணக்கு. ரேடார் கருவிகள் வந்த பிறகுதான் இது எல்லாருக்கும் உறைத்தது, அதற்கு முன்னால் நல்ல நல்ல கோச்சுகளே தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தோளால் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறீர்கள், முகம் திறந்து, அதாவது வலது பக்கம் பார்த்துக் கிடக்கிறது, பந்து வலது பக்கம் ஓடுகிறது, தூரமும் போச்சு. இடது கையை கிரிப்பில் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டரை விரல் மூட்டு தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள்.

அந்த ஒல்லிப் பையன் மேல் கோபம் வேண்டாம். அமெரிக்காவின் எல்பிஜிஏ தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் பெண்களின் டிரைவர் வேகம் சராசரியாக மணிக்கு 95 மைலை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வேகத்தில் வீசும் ஆண்களை நம் ரேஞ்சிலேயே பார்க்கலாம், ஆனால் பந்து அவர்களுக்கு அந்த அளவு போவதில்லை. நடு முகத்தில் பட்டால் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு வரை வரும். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் அது இறங்கிவிடும், அவ்வளவுதான் ரகசியம்.

கே: 'லேக்' இருந்தால்தான் பவர் என்கிறார் கோச். நானும் மணிக்கட்டை மடக்கிய நிலையிலேயே இறுக்கிப் பிடித்துக் கீழே வரை கொண்டுவருகிறேன். முன்பைவிடத் தூரம் குறைந்ததுதான் மிச்சம். (வாசகர், மதுரை)

ப: வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த துணி தலைக்குப் பின்னால் தொங்கும், கை முன்னே வரும், துணி பின்தங்கியே வரும். கை இடுப்பருகே வந்து சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் துணி சீறிக்கொண்டு கையைத் தாண்டிப் பாய்ந்து கல்லில் 'பட்'டென்று அறையும். கையையும் துணியையும் சேர்த்தே கல் வரை கொண்டுபோனால் 'பொத்' என்று விழும், அழுக்கு அப்படியே இருக்கும். துணி பின்தங்குகிறதே, அதற்குப் பெயர்தான் லேக். துவைக்கிறவர் அதற்காக மணிக்கட்டை இறுக்குவதில்லை, தளர விட்டிருப்பதால்தான் அது தானாக வருகிறது.

இயற்பியல்காரர்கள் இதை இரட்டை ஊசல் என்பார்கள், தோளிலிருந்து கை ஒரு ஊசல், கையிலிருந்து கிளப் இன்னொன்று. மேல் ஊசல் தன் வேகத்தை இழந்தால்தான் கீழ் ஊசலுக்குக் கிடைக்கும். நல்ல ஆட்டக்காரர்களின் ஸ்விங்கை அளந்து பார்த்தால் இது படிப்படியாகத் தெரியும். முதலில் இடுப்பு உச்ச வேகத்தைத் தொட்டுக் குறைகிறது, அப்புறம் மார்பு, அப்புறம் கை, கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் குறையும்போது தன்னிடம் இருப்பதை அடுத்ததிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. நீங்கள் கடைசிக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நானும் இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

வீட்டு மாடியிலேயே ஒரு சோதனை செய்யலாம். டிரைவரைத் தலைகீழாக, தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வீசுங்கள், காற்றில் 'விஷ்' என்று சத்தம் வரும். அது எங்கே வருகிறது என்று காதால் கேளுங்கள். வலது காதுப் பக்கம், பந்து இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே வந்தால் வேகத்தை மேலேயே செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பந்து இருக்கும் இடத்தைத் தாண்டி இடது பக்கம் வர வேண்டும். பிடியைத் தளர்த்தத் தளர்த்தச் சத்தம் இடது பக்கம் நகரும், சுருதியும் ஏறும். பத்து நாள், தினம் இருபது தடவை. கொடியில் காயும் துணிமணி ஜாக்கிரதை.

கே: யூடியூபில் ஒருவர் இடுப்பைச் சுழற்று என்கிறார். இன்னொருவர் எடையை இடது பக்கம் தள்ளு என்கிறார். மூன்றாமவர் குதி என்கிறார். மூன்றையும் செய்து பார்த்ததில் கீழே விழாததுதான் குறை. எது சரி? (வாசகி, கோவை)

ப: மூன்றும் சரி. மூன்றையும் சம பங்காகக் கலக்கியதுதான் தப்பு.

உடம்புக்கு வெளியே நாம் உந்துவதற்கு இருக்கும் ஒரே பொருள் தரை. தரையை மூன்று விதமாக உந்தலாம். முதலாவது பக்கவாட்டில். வாளித் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றும்போது வலது காலை ஊன்றி இடது பக்கம் சாய்ந்து வீசுகிறோமே, அது. இரண்டாவது முறுக்குவது: இடது பாதம் பந்தை நோக்கித் தரையைத் தள்ளும், வலது பாதம் எதிர்ப்பக்கம் தள்ளும், காலுக்கடியில் ஈரத்துண்டு இருந்தால் பிழிந்துவிடும், இடுப்பு பம்பரம் போலத் திரும்பும். மூன்றாவது மேல்நோக்கி, அதாவது குதிப்பது.

இந்த மூன்றாவதுதான் எல்லாருக்கும் குழப்பம். மேலே குதித்தால் பந்து எப்படி முன்னே போகும்? ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடிய அனுபவம் இருக்கிறதல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் இருக்கும்போது முழங்காலை மடக்கி உட்காருவோம், ஊஞ்சல் கீழே வரும்போது சட்டென்று எழுந்து நிற்போம், ஒவ்வொரு முறை எழும்போதும் வேகம் கூடும், யாரும் பின்னாலிருந்து தள்ளவே வேண்டாம். சுற்றிவரும் எடையை மையத்தை நோக்கி இழுத்தால் அது இன்னும் வேகமாக ஓடும், அதுதான் சூட்சுமம். கோல்ஃபில் கிளப் தலை கீழே வரும் தறுவாயில் அது நம் கையை வெளியே இழுக்கும் இழுப்பு சாதாரணமானதல்ல, 200 கிராம் தலை என்றாலும் நல்ல வேகத்தில் 30, 40 கிலோவைத் தூக்கிப் பிடிப்பது போன்ற கனம் கையில் இறங்கும். அந்த நேரத்தில் இடது காலைத் தரையில் உந்தி எழுந்தால் இடது தோள் மேலே போகும், கை உள்ளே இழுபடும், தலை விசிறிக்கொண்டு வெளியே பாயும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜஸ்டின் தாமஸ் பந்தை அடிக்கும் படத்தைப் பாருங்கள், இரண்டு குதிகாலும் தரையில் இருக்காது. லெக்ஸி தாம்சனும் அப்படித்தான். அது ஸ்டைல் அல்ல, அவர்கள் உடம்புக்கு அங்கேதான் பலம்.

ஆனால் நேரம் முக்கியம். வீட்டில் முள் வைத்த பழைய எடை மெஷின் இருந்தால் ஏறி நில்லுங்கள். சட்டென்று முழங்காலை மடக்கினால் முள் முதலில் உங்கள் எடைக்குக் கீழே இறங்கும். அப்புறம் உந்தி எழத் தொடங்கும்போது எடையைத் தாண்டி ஏறும், எழுந்து முடிவதற்குள் மறுபடி இறங்கிவிடும். கவனித்தீர்களா, முள் உச்சத்தில் இருப்பது நீங்கள் இன்னும் பாதி மடங்கியிருக்கும்போது. ஆகவே உந்துதல் பந்தைத் தொடுவதற்கு முன்பே, கை இறங்கத் தொடங்கி இடுப்பு உயரத்துக்கு வருவதற்குள் தொடங்கியாக வேண்டும். நம்மவர்கள் பந்தில் படும்போது குதிக்கிறார்கள். அது கொண்டாட்டம், உந்துதல் அல்ல.

உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க, பழைய கால்பந்து ஒன்றில் துணியையும் மணலையும் அடைத்து இரண்டு, மூன்று கிலோ ஆக்கிக்கொள்ளுங்கள். கோல்ஃப் நிலையில் நின்று இரண்டு கையாலும் இடது பக்கம் தூரமாக வீசுங்கள். யோசிக்காமல் பத்து முறை வீச வேண்டும், யாரையாவது போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கால் தானாக இடது பக்கம் அடி எடுத்து வைக்கப் பார்க்கிறதா, குதிகால் திருகுகிறதா, முழங்கால் நீண்டு உடம்பு எழும்புகிறதா என்று பாருங்கள். எது அதிகமாகத் தெரிகிறதோ அதுதான் உங்கள் முதல் வழி, மற்ற இரண்டும் பின்னால் கூட வரும். எல்லா ஸ்விங்கிலும் மூன்றும் இருக்கத்தான் செய்யும், முதலில் பக்கவாட்டு, அடுத்து முறுக்கு, கடைசியில் மேல்நோக்கி என்ற வரிசையும் மாறாது. எதை நம்பி இருக்கிறோம் என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு.

இதே மாதிரி கையிலும் இரண்டு கட்சி உண்டு, தள்ளுபவர்கள், வீசுபவர்கள் என்று. வீசுபவர் கையை உடம்பு இழுத்துக்கொண்டு போக விடுவார், துவைக்கல் கதை அவருடையது. தள்ளுபவர் மடங்கிய வலது முழங்கையை மேலிருந்தே நீட்டிக்கொண்டு வருவார், குண்டு எறிகிற மாதிரி. தோள் கனமாகவும் உடம்பு திரும்பாமலும் இருக்கிறவர்களுக்குத் தள்ளுவது நன்றாகவே வரும், அதை மட்டமாக நினைக்க வேண்டாம். பாதி வழி வீசிவிட்டுப் பந்துக்கு அருகில் வந்ததும் பயத்தில் தள்ளுவதுதான் ஆகாது. முதல் கேள்வி கேட்டவர் இதையும் படிக்கவும்.

கே: வயது 64. ஐந்து வருடத்துக்கு முன்பு 220 யார்டு, இப்போது 180. தோள் முழுசாகத் திரும்புவதில்லை, "இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் திருப்புங்கள், முறுக்கு ஏறும்" என்று கோச் சொன்னதைச் செய்து முதுகு பிடித்துக்கொண்டது. (வாசகர், குன்னூர்)

ப: அந்த அறிவுரை எனக்கும் கிடைத்தது ஐயா. ஒரு ரேஞ்சில், வயதில் என்னைவிடச் சின்னவரான ஒரு கோச் என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "இப்போ திரும்புங்க" என்றார். மூன்று வாரம் சட்டைப் பொத்தான் போடவே குனிய முடியாமல் அலைந்தேன். தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கோணத்தை அதிகமாக்கினால் வேகம் கிடைக்கும் என்ற எண்ணம் 1990களில் பரவியது. இளம் வயதில் சரி, இருபது வயது முதுகுக்கு ரப்பர் குணம் உண்டு. கோல்ஃப்காரர்களுக்கு அதிகம் வரும் தொல்லையே கீழ்முதுகு வலிதான்.

உங்களுக்கு நான் சொல்வது நேர் எதிர். இடுப்பைத் திரும்ப விடுங்கள். வலது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள், பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னால் தூக்கும்போது, இடது குதிகாலைத் தரையிலிருந்து எழ விடுங்கள். மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 வென்ற ஜாக் நிக்லாஸ் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார், அவரைவிடச் சுத்தமாக ஆட நமக்கு அவசியம் இல்லை. டவுன்ஸ்விங், அதாவது கிளப் கீழே இறங்குவது தொடங்கும்போது அந்தக் குதிகாலை 'டக்' என்று தரையில் மிதியுங்கள், எடை தானாக இடது பக்கம் வந்துவிடும், யோசிக்கவே வேண்டாம். யோசிக்க நேரமும் இல்லை, கீழே வருவது மொத்தமே கால் நொடி.

தோள் திரும்பவே மாட்டேன் என்றாலும் பாதகம் இல்லை. ஸ்பெயின் வீரர் ஜான் ராமின் பேக்ஸ்விங் எவ்வளவு குட்டை என்று பார்த்திருக்கிறீர்களா? வலது பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்தவர் அவர். அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு, அந்தக் காலும் சற்றுக் குட்டை. நீளமாகத் திரும்பினால் அந்தக் கால் தாங்காது என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டு, குட்டையாக எடுத்து இடுப்பை வேகமாகத் திறந்து அடிக்கப் பழகினார். 2021-ல் அமெரிக்க ஓப்பன், 2023-ல் மாஸ்டர்ஸ் என்று இரண்டு மேஜர் வென்றார். குறையை மூடி மறைக்காமல் அதைச் சுற்றியே ஒரு ஸ்விங்கைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் டிரைவரின் லாஃப்ட், அதாவது அதன் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் என்ன என்று பாருங்கள். 9 டிகிரி வைத்திருந்தால், வருத்தப்படாமல் 11, 12-க்கு மாறுங்கள், தண்டான ஷாஃப்ட்டும் மெல்லியதாக, வளைந்து கொடுப்பதாக இருக்கட்டும். வேகம் குறைந்தவருக்குப் பந்து காற்றில் நிற்க உயரம் வேண்டும். வேகம் மணிக்கு 1 மைல் கூடினால் இரண்டரை யார்டு அளவுக்குத்தான் கிடைக்கும். லாஃப்ட் மாற்றம் அதைவிட அதிகம் தரும், முதுகும் வலிக்காது.

கே: ஊட்டியில் அடித்தால் பந்து பறக்கிறது, சென்னையில் அடித்தால் விழுந்துவிடுகிறது. சென்னையின் ஈரக்காற்று கனமானது என்பதாலா? (வாசகர், திருவான்மியூர்)

ப: ஈரக்காற்று கனமில்லை, காய்ந்த காற்றைவிட இலேசு. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிந்தது, பந்துக்குத் தடை குறைவு, 8, 10 சதவீதம் கூடுதலாகப் போகும். சென்னையில் உங்களைக் கனமாக்குவது காற்று அல்ல, வியர்வையில் நனைந்த சட்டையும் வழுக்கும் கிரிப்பும்தான். க்ளவ் இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள்.

கே: பெண்ணுக்கு 11 வயது. நேராக அடிக்கப் பழக்குவதா, தூரம் அடிக்கப் பழக்குவதா? (ஒரு தாயார், சிங்கப்பூர்)

ப: தூரம், தயங்காமல். நிக்லாஸின் கோச் ஜாக் கிரௌட், சிறுவனாக இருந்த அவரை முதலில் ஓங்கி அடிக்கவிட்டார், நேராக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. வேகமாக அசையும் பழக்கம் சின்ன வயதில் நரம்பில் ஏறினால்தான் உண்டு, பிறகு சேர்ப்பது கஷ்டம்.

இதைச் சொன்ன கையோடு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தார், மயிரிழையில் பதக்கம் போனது. களத்தில் இருந்தவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். எல்லாரும் குட்டை அயர்ன் கிளப்பால், குழி இருக்கும் கிரீனுக்கு அடிக்கும் இடத்தில் அவர் நீளக் கட்டையை எடுப்பார், பிறகு பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டரால் கணக்கை நேர் செய்வார். உங்கள் பெண்ணுக்கு ஓங்கி அடிப்பதில் சிரிப்பு வருகிறதா, குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் வருகிறதா என்று கவனியுங்கள். 11 வயதில் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கே: அமெரிக்க கோல்ஃப் வீரர் டிசாம்போ மாதிரி ஜிம்முக்குப் போய் எடை ஏற்றினால்? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: 2020-ல் பிரைசன் டிசாம்போ சுமார் 18 கிலோ ஏற்றினார், அந்த ஆண்டே விங்ட் ஃபுட் மைதானத்தில் அமெரிக்க ஓப்பனை 6 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். 2022-ல் இடது கை எலும்பில் அறுவை சிகிச்சை ஆனதையும் அதன் பிறகு எடையை இறக்கியதையும், இளைத்த உடம்போடு 2024-ல் மறுபடி அமெரிக்க ஓப்பனை வென்றதையும் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தூரம் அடிப்பதில் பேர்போன ரோரி மெக்கில்ராய் 175 சென்டிமீட்டர் உயரம்தான், உங்கள் கல்லூரிப் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கவனிக்கமாட்டீர்கள். ஜிம்முக்குப் போங்கள், நல்லது. காலுக்கும் முதுகுக்கும் வேலை கொடுங்கள், கண்ணாடிக்காக பைசெப்ஸ் ஏற்றுவதால் பந்து ஒரு யார்டுகூட அதிகம் போகாது.

கே: என் நண்பர் 300 யார்டு அடித்ததாகச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், ஈரோடு)

ப: அமெரிக்க பிஜிஏ தொழில்முறை ஆட்டக்காரர்களின் டிரைவர் சராசரியே 300-ஐ ஒட்டித்தான். மே மாதம், காய்ந்து வெடித்த ஃபேர்வே புல்தரை, பின்காற்று, கீழ்நோக்கிச் சரிவு, நடுவில் தண்ணீர்க் குழாயின் இரும்பு மூடியில் ஒரு துள்ளல், இவ்வளவும் கூடி வந்திருந்தால் நடந்திருக்கலாம். கூட வந்த, கிளப் பை தூக்கும் கேடியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.